எடை குறைந்தால் ஸ்கூட்டர் பறக்குமா?

(தாசேக் கெலுகோர் அன்பர் ஒருவர் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'ஸ்கூட்டரின் எடையைக் குறைத்தால் அதன் ஆற்றல் கூடுமா?' இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கூடும். ஆனால், நம் பிள்ளைகள் எதிர்பார்க்கும் இடத்தில் கூடாது. அது தெரியாமல்தான் பல வீடுகளில் பெற்றோர் பொழுது சாய்ந்தால் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் தாசேக் கெலுகோர் பக்கம் வந்து பாருங்கள். நெல் வயலும் செம்பனையும் உள்ள ஊர். பிறைக்கோ பாயான் லெப்பாசுக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளைக்கு ஒரு வண்டி வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுத் தவணையில் எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாம் மாதம் பார்த்தால் கண்ணாடி இல்லை, பின் மட்கார்டு இல்லை, கவர் செட்டில் பாதி இல்லை. டயரோ சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாக இருக்கிறது. "ஏண்டா இப்படி?" என்று கேட்டால், "எடை குறைஞ்சா லாஜுவாப் போகும்பா" என்று பதில் வருகிறது.

சரி, அவன் வழியிலேயே கணக்குப் போடுவோம். ஸ்கூட்டர் 100 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் இழுக்க வேண்டியது 165 கிலோ. பாடுபட்டுக் கழற்றி 8 கிலோ குறைத்தால் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைகிறது. ஒரு வேகத்தை எட்ட 10 விநாடி பிடித்த வண்டி இனி ஒன்பதரை விநாடியில் எட்டும். விளக்குச் சந்தியில் புறப்படும்போதும் மேடு ஏறும்போதும் அந்த வித்தியாசம் தெரியும். அவ்வளவுதான் லாபம். இதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உச்ச வேகம்? அங்கே எதிரி எடை அல்ல, காற்று. 80 கிலோமீட்டரில் போகும் வண்டி 90இல் போக வேண்டுமானால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் 40 விழுக்காடு கூடுதல் சக்தி வேண்டும். எட்டுக் கிலோவைக் கழற்றி எறிந்தாலும் அந்தச் சக்தி எங்கிருந்து வரும்?

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1951ஆம் ஆண்டில் இத்தாலியின் வெஸ்பா, லாம்பிரெட்டா இரண்டு நிறுவனங்களும் வேகச் சாதனைக்குப் போட்டி போட்டன. வெஸ்பா மணிக்கு 171 கிலோமீட்டரை எட்டியது. அதே ஆண்டில் 125 சிசி லாம்பிரெட்டா 200ஐத் தாண்டியது. அந்த வண்டிகள் எலும்பும் தோலுமாக நின்றனவா? இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி, மீன் வடிவத்தில் முழு உடலையும் மூடியிருந்தார்கள். அதாவது கவரைக் கழற்றவில்லை, கூடுதலாக மாட்டினார்கள்! (வெஸ்பாவின் சாதனை வண்டிக்குப் பெயரே 'சிலூரோ', அதாவது நீர்மூழ்கிக் குண்டு.)

பழைய வெஸ்பா வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை வடிவமைத்த கொராடினோ தாஸ்கானியோ விமானப் பொறியியலாளர். 1946இல் அவர் கொடுத்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. அழுத்தி வார்த்த இரும்புத் தகட்டு உடம்பே அதன் எலும்பு. இங்கிலாந்தில் 1970களில் இளைஞர்கள் லாம்பிரெட்டாவை எலும்புக்கூடாக உரித்து ஓட்டினார்கள். லாம்பிரெட்டாவுக்குள் குழாய்ச் சட்டம் இருந்ததால் அது தாங்கியது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வெஸ்பாவின் தளத்தை வெட்டுபவர் வண்டியின் முதுகெலும்பையே வெட்டுகிறார்.

இன்றைய ஸ்கூட்டர் வேறு வகை. உள்ளே இரும்புக் குழாய், மேலே பிளாஸ்டிக் கவர். அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்தாலும் சில கிலோதான். ஆனால் மழையிலிருந்து வயரைக் காப்பது அது. மட்கார்டு இல்லாவிட்டால் பின்னால் வருபவர் கண்ணில்தான் சேறு. கண்ணாடி சில நூறு கிராம். லோரி வருவதைச் சொல்வது அந்தச் சில நூறு கிராம்தான்.

டயர் விஷயம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. சுழலும் எடை குறைந்தால் பலன் அதிகம் என்பது உண்மையே. சக்கர விளிம்பில் ஒரு கிலோ குறைப்பது, வண்டி உடம்பில் ஏறக்குறைய இரண்டு கிலோ குறைப்பதற்குச் சமம். அதனால்தான் ஒல்லி டயர் மாட்டியவுடன் வண்டி துள்ளுகிறது; பையனுக்கும் ஆசை வருகிறது. ஆனால் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது தரையைப் பற்றுவது விரல் அகல ரப்பர்தான். ஆள் ஏற்றினால் அந்த டயர் சுமக்குமா என்பது வேறு கேள்வி. மாலை நேரத்தில் பினாங்குப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, எடை குறைந்த வண்டியை அது இன்னும் எளிதாகத் தள்ளும். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். ஒதுங்கி நிற்கவும் வசதி குறைவு. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்கள் 100 பேரில் 60க்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா? செய்யலாம். முதலில் இருக்கையைத் திறந்து பாருங்கள். பழைய சங்கிலிப் பூட்டு, ஸ்பேனர், இரண்டு தண்ணீர்ப் போத்தல், போன வருட மழைக்கோட்டு என்று மூன்று நான்கு கிலோ அங்கேயே கிடக்கும். காசில்லாமல் குறையும் எடை அதுதான். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். காற்று குறைந்த டயர் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும்.

எடையைக் குறைத்தே தீருவேன் என்பவர்கள் ரோலரைக் கவனியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில், பெல்ட் ஓடும் முன் புல்லிக்குள் சிறு உருளைகள் இருக்கின்றன. இஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளியே நகர்ந்து பெல்ட்டை மேலே ஏற்றும். கொஞ்சம் இலகுவான ரோலர் போட்டால் அவை தாமதமாக நகரும். இஞ்சின் அதிகச் சுற்றில் நிற்பதால் வண்டி சுறுசுறுப்பாகப் புறப்படும். இங்கே விளையாட்டு கிராமில்தான், கிலோவில் அல்ல. அளவுக்கு மீறி இலகுவாகப் போட்டால் இஞ்சின் கத்தும், பெட்ரோல் கரையும், உச்ச வேகம் குறையவும் கூடும். ஆகவே தெரிந்த பட்டறையில் கொடுத்து, ஒரு கிராம் குறைத்துப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பழைய ரோலரையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய இரும்பை அப்படித் திரும்ப மாட்ட முடியாது. பழையதைப் பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.