கரண்ட் போன ஃபான்கள்

(இணையவழி நேரலை உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது இரவு ஏழு மணி. லண்டனில் நடுச்சாமம், யாழ்ப்பாணத்தில் நாலரை. இந்த நேரத்தில் விழித்திருந்து கேட்கிறவர்களுக்கு முதலில் நன்றி. சிறுகதையில் பொருட்கள் என்ற தலைப்பில் கதைக்கச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன், சீலிங் ஃபான்.

ஸ்காபரோவில் எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பனி வழிக்கும்போது பழக்கமானவர். ஒருநாள் தன் வீட்டு பேஸ்மன்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரச் சட்டங்களில் பதினொரு சீலிங் ஃபான்கள் தொங்கின. முத்திரை சேர்க்கிறவர்களைத் தெரியும், நாணயம் சேர்க்கிறவர்களையும் தெரியும். ஃபான் சேர்க்கிறவரை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

இவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அமெரிக்காவில் சங்கம் வைத்திருக்கிறார்கள். இந்தியானா மாநிலத்தில் சயன்ஸ்வில் என்ற ஊரில் பழைய விசிறிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருந்திருக்கிறது. தையல் மெஷின் கம்பனியான சிங்கரில் வேலைசெய்த பிலிப் டீல் என்ற ஜெர்மன்காரர் 1880களில் மோட்டரைக் கூரையில் தொங்கவிட்டதிலிருந்து கதை தொடங்குகிறது. 1886இல் தொடங்கிய ஹண்டர் கம்பனியின் முதல் விசிறிகள் தண்ணீர் விசையாலும் பெல்டாலும் சுற்றியவை. அதே கம்பனியின் பிந்திய மோட்டர்களில் அச்சு எண்ணெய்க்குள் நின்று சுழலும். சேர்ப்பவர்கள் அந்த எண்ணெயைப் பற்றிப் பக்தியோடு கதைப்பார்கள். இளையவர்கள் தேடுவது வேறு. 1970களின் எரிபொருள் நெருக்கடியில் ஏசிக்குக் காசு கட்ட ஏலாமல் வட அமெரிக்கா திரும்பவும் ஃபானுக்கு வந்தபோது ஹொங்கொங்கிலிருந்து வந்து குவிந்தவை, கலிபோர்னியாவின் கசபிளாங்கா கம்பனி செய்தவை, இப்படி.

வீடு இடிக்கிற இடம், மூடப்படுகிற கடை, பழைய பள்ளிக்கூடம் என்று அலைவார்கள். கண்டதும் முதலில் பெயர்த்தகட்டைப் பார்ப்பார்கள், பிறகு இறக்கைகளை. ஒரு ஃபானின் இறக்கைகள் ஒன்றுக்கொன்று எடை பார்த்துச் சேர்த்த கூட்டம். வேறொன்றிலிருந்து கழற்றிப் பூட்டினால் ஆடும். இறக்கை தொலைந்த மோட்டரை இவர்கள் அநாதை என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்த அநாதைகள் வேறு மாதிரி.

அவருடைய பதினொன்றில் ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கறுப்பு இரும்பு, பித்தளை வளையம், நாலு மர இறக்கை. ரொறன்ரோவில் ஒரு பழைய கடையில் தொங்கியதாம். “இது ஓடாது, பழுதும் இல்லை” என்றார். பிறகு விளக்கினார். தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் ஒருகாலம் 25 சைக்கிள் மின்சாரம்தான். நயாகராவில் தொடங்கிய வழக்கம். பல்ப் மினுங்குவது கண்ணுக்கே தெரியுமாம். ஒன்ராறியோ ஹைட்ரோ 1949இல் தொடங்கிப் பத்து வருடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 60 சைக்கிளுக்கு மாற்றியது. ஆட்கள் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ், வோஷிங் மெஷின், விசிறி என்று மோட்டர்களை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் அகப்படாமல் எங்கோ ஒதுங்கிக் கிடந்த ஃபான் இது. சுவரில் வரும் இன்றைய கரண்டில் அது சரியாக ஓடாது. அதற்குரிய மின்சாரம் நாட்டை விட்டே போய்விட்டது.

அவர் அதைச் சொன்னபோது நான் மானிப்பாயில் இருந்தேன்.

1990 நடுவில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. நான் அப்போது சின்னப்பிள்ளை. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அதெல்லாம் நம் எழுத்தில் போதுமானளவு வந்துவிட்டது. தலைக்குமேலே தொங்கிய ஃபானை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. விளக்குக்கு மாற்று இருந்தது, ஃபானுக்கு இல்லை. கோயிலில் உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் ஆறு ஃபான்கள் இறங்கியிருக்கும். பிரசங்கம் நீண்டால் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் விசுக்கிக்கொள்வார்கள். மேலே இறக்கைகளில் சிலந்தி கட்டியிருக்கும். வீட்டில் அம்மம்மா மட்டும் பெருநாளுக்கு முதல்நாள் மேசையில் ஏறி ஓடாத ஃபானைத் துடைப்பா. ஏன் என்று கேட்டால், “கரண்ட் வந்தா தூசி எல்லாம் சாப்பாட்டுக்குள்ளதான் விழும்” என்பா. வருமா என்ற கேள்வி அவவிடம் இல்லை.

நான் வேலைசெய்கிற வார்ட்டில் சீலிங் ஃபான் இல்லை. காற்று எங்கோ சுவர் ஓட்டைக்குள்ளால் சத்தமில்லாமல் வந்து போகும். நம்முடைய வயதானவர்கள் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “பிள்ளை, அந்த ஃபானைப் போட்டுவிடு” என்பார்கள். மறதி என்று குறிப்பில் எழுதிவிடலாம். ஆனால் ஃபான் அறையைக் குளிராக்குவதில்லை, தோலுக்கு மேலால் காற்றைத் தள்ளுகிறது. மூச்சு முட்டுகிறவர்களின் முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கைவிசிறியைப் பிடித்தால் முட்டல் குறைந்ததுபோல் இருக்கும். இதை ஆராய்ந்தே கண்டிருக்கிறார்கள், நாங்களும் செய்கிறோம். அவர்கள் கேட்பது பைத்தியக்காரத்தனம் அல்ல.

அயலவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். பிரிட்டிஷ் காலத்தில் நம் பக்கமெல்லாம் போன ஃபான்களில் இத்தாலியின் மரெல்லிக்கு அவர்களிடையே மதிப்பு அதிகம். ஊரில் ஒன்று கிடைக்குமா? 230 வோல்ட், 50 சைக்கிள். இங்கே ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் வேகம் சரியாக வராது என்று அவருக்கே தெரியும். இருந்தும் கேட்டார்.

மச்சாளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவில்லை, வயர் இல்லை, ஃபான் இல்லை. கூரையில் கொக்கி மட்டும் இருந்தது. அம்மம்மா அந்தக் கொக்கியில் பேரப்பிள்ளைக்கு ஏணை கட்டினா.

இருந்தாலும் மச்சாள் தேடினாள். ஒரு சலூனில் இருந்ததாம். மோட்டர் பழையது, இறக்கை மூன்றும் வேறு ஃபானுடையவை. பெயர்த்தகட்டுக்கு மேலே பெயின்ட் பூசி எழுத்து மூடிவிட்டது. கொயில் இரண்டு தரம் புதிதாகச் சுற்றியாயிற்று. சேர்ப்பவர் கணக்கில் அது சல்லிக்காசு பெறாது. சலூன்காரர் விற்கவும் இல்லை. “கழட்டித் தந்தா தலை வெட்ட வாறவை வேர்த்துக்கொண்டோ இருக்கிறது?” என்று கேட்டாராம்.

மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினாள். ஃபான் லேசாக ஆடிக்கொண்டு சுற்றுகிறது, கீழே ரேடியோ பாடுகிறது. அயலவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று தரம் போட்டுக் காதில் வைத்துக் கேட்டார். இறக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேல் பேரிங் காய்ந்துவிட்டது, எண்ணெய் விடச் சொல் என்றார்.

சொன்னேன். விட்டாயிற்றாம்.