ஒரே வீதியில் இரண்டு மேரிகள்



ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில், கோட்டையிலிருந்து ஹொலிரூட் அரண்மனை வரை சரிந்திறங்கும் வீதியை 'ரோயல் மைல்' என்பார்கள். அரண்மனைக்குப் போகிறவர்கள் மேரி அரசியின் அறைகளைத் தேடியே படியேறுகிறார்கள். 1566 மார்ச் 9ஆம் திகதி இரவு, கர்ப்பிணியான அரசியிடமிருந்து அவருடைய செயலாளர் ரிச்சியோவை இழுத்துச் சென்று குத்திக் கொன்றது அங்கேதான். இரத்தக்கறை எங்கே என்றுதான் முதலிற் கேட்கிறார்கள்!

அதே வீதியில், நகரசபைக் கட்டடத்தின் அடியில் இன்னொரு மேரியின் பெயரால் ஓர் ஒழுங்கை இருக்கிறது. மேரி கிங் அரச குலத்தவரல்லர். துணி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த விதவை. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு சாதாரணப் பெண்ணின் பெயரால் ஒழுங்கையொன்று வழங்கியது சின்ன விஷயமா?

அது தோண்டிய சுரங்கமன்று. 1753இல் வணிக மண்டபம் எழுப்பத் தொடங்கியவர்கள், ஒழுங்கையின் உயர்ந்த வீடுகளை மேற்பகுதியில் இடித்து, எஞ்சிய கீழ்மாடிகளையே அத்திவாரமாக்கினார்கள். வானம் பார்த்த தெரு அப்படித்தான் இருளில் மூழ்கியது.

1645இல் கொள்ளைநோய் கண்டவர்களை உயிரோடு சுவர் வைத்து அடைத்தார்கள் என்றொரு கதை உண்டு. வெறுங்கதை. நோயாளர் வீடுகளை ஒதுக்கி வைத்து, உணவு கொடுத்தனுப்பினார்கள் என்பதே வரலாறு. ஆனாலும் ஒரு சிறுமியின் ஆவிக்கென்று பார்வையாளர் கொண்டுவந்த பொம்மைகள் அங்கே குவிந்தன.

போகக் கிடைக்கும் நேயர்கள் ஆவியை விட்டு, அந்தத் துணிக்காரியைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.