காய்ச்சல் போனாலும் போகாத மூட்டுவலி
(தோட்ட மாதர் தலைவிமாருக்கான சுகாதார வகுப்பில் ஆற்றிய உரை)



2006 கடைசியில் நம் நாட்டில் சிக்குன்குன்யா பரவியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்தடுத்த வருடங்களில் அது இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தையும் விடவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மணிக்கட்டிலும் விரலிலும் கணுக்காலிலும் வந்த வலியோ சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றது. விரல் மடங்காதவருக்குக் கொழுந்து கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஆகவே இது சம்பளப் பிரச்சினையும்தான்.

கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் சக்தி, சண்டை முடிந்த பிறகும் ஓயாமல் மூட்டைத் தாக்குவதால் இப்படி வலி நிற்கிறது. அழுக்குத் தண்ணீரால் வயிற்றுளைவு வந்தவருக்கும் சில வாரம் கழித்து முழங்கால் வீங்கலாம். பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்து, பின்னர் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது வாதக்காய்ச்சலாக இருக்கலாம். இருதய வால்வைக் கெடுத்துவிடும்.

ஒரே லயத்தில் எல்லாரையும் ஒரே நுளம்புதான் கடிக்கிறது. ஒருவருக்கு மட்டும் வலி நிற்பானேன்? வயதும் பரம்பரையும் உண்டு. நாம் சுவாசிப்பதும் தொடுவதும் உண்டு. இதில் நன்றாக நிரூபிக்கப்பட்டவை சிகரெட் புகையும் கல் உடைக்கும் இடத்துத் தூசியும். இரண்டும் முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. புகைபோக்கி இல்லாத அடுப்பங்கரைப் புகை நெஞ்சைப் பலவீனமாக்கி, சிறு பிள்ளைகளுக்கு நிமோனியாவுக்கு வழிவிடுகிறது.

புல்லுக்கு அடிக்கும் மருந்தால்தான் மூட்டுவாதம் வருகிறது என்று மேடையில் முழங்குவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அமெரிக்க விவசாயக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், சில கிருமிநாசினிகளைப் புழங்கியவர்களிடம் முடக்குவாதம் கூடுதலாகக் காணப்பட்டது. இங்கே கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி திறந்துவிடப்பட்டது. சந்தேகம் உள்ள ஒரு பொருளை, ஒழுகும் டாங்கியில், கையுறை கூட இல்லாமல் முதுகில் சுமக்கவைக்க எந்த நியாயமும் கிடையாது. மருந்தடித்தவர் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்குத் தண்ணீரும் இடமும் வேலைத்தலத்திலேயே வேண்டும். பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்தடிக்கவே கூடாது.

இறப்பர் தோட்டத்தாருக்குத் தனியாக ஒன்று. பால் வெட்டாத மழை நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். கேரளத்து இறப்பர் தோட்டங்களிலும் சிக்குன்குன்யா நுளம்பு பெருகியது பால் சேர்க்கும் சிரட்டைத் தண்ணீரில்தான். ஒவ்வொரு மரமாகப் போய்க் கவிழ்க்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கும் பேர் போட வேண்டும்.

காய்ச்சலோடு உடம்பு நோகும்போது கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும். நம் மாவட்டங்களில் அடிக்கடி வரும் எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகம் கெடும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இரண்டு நாளில் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். உங்கள் லயத்தில் யாருக்கு மூன்று மாதத்துக்கு மேல் மூட்டுவலி நிற்கிறது, அவர் மருந்தடிப்பவரா, எந்த மருந்து, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். துரையோடு பேசப் போகும்போது அந்தக் கொப்பி மேசையில் இருக்க வேண்டும்.