அரசர் மகளுக்கும் வரதட்சணைத் தொல்லை



வரதட்சணைக் கொடுமை ஏழை வீட்டில் மட்டும்தானா? இங்கிலாந்து அரண்மனையில் நடந்ததைக் கேளுங்கள்.

ஸ்பெயின் நாட்டு அரசர் ஃபெர்டினாண்டின் மகள் கேத்தரின். 1501ஆம் ஆண்டு, இங்கிலாந்து இளவரசர் ஆர்தருக்கு அவரை மணம் முடித்தார்கள். பேசிய வரதட்சணை 2 லட்சம் கிரவுன். அதில் பாதிதான் கொடுத்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆர்தர் இறந்துவிட்டார். அப்போது கேத்தரினுக்கு 16 வயது.

மாமனார் ஏழாம் ஹென்றி அரசர். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர அவருக்கு மனம் இல்லை. ஆர்தரின் தம்பிக்கு கேத்தரினை மணம் பேசினார். மீதிப் பணத்தைக் கேட்டார். தந்தையோ நாள் கடத்தினார்.

மருமகள் ஏழு ஆண்டுகள் தவித்தார். கைச்செலவுக்கும் பணம் இல்லை. கொண்டுவந்த வெள்ளிப் பாத்திரங்களை விற்றார்.

ஆனால் கேத்தரின் நன்கு படித்தவர். தன் நிலையைத் தந்தைக்குக் கடிதங்களாக எழுதினார். 1507இல் தந்தை அவரையே தன் தூதராக நியமித்தார். 1509இல் மாமனார் இறந்தார். ஆர்தரின் தம்பி அரசரானார். கேத்தரினை மணந்தார்.

அரசர் மகளையே அலைக்கழித்தது வரதட்சணை. துணை நின்றது படிப்பு.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். மகளுக்குச் சேர்க்கும் பணத்தை அவள் படிப்புக்குச் செலவிடுங்கள்.