பாட்டு யாருடையது? பதிவுக்கு முன்பே எழுதி வையுங்கள்!

(பந்திங்கில் பதிவான தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை)



இருவராகச் சேர்ந்து பாட்டு எழுதி, இசையமைத்து, தாங்களே ஒலிப்பதிவு செய்து வெளியிடும் நம் இளைஞர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒருவர் வரி எழுதுகிறார், பாடுகிறார். மற்றவர் தாளம் அமைத்து, கணினியில் ஒலிகளைச் சேர்த்து, பாட்டை முடித்துக் கொடுக்கிறார். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் கிடையாது. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் தாமான் வீட்டு அறையில் ஒலிப்பதிவு. மின்விசிறியை நிறுத்தினால்தான் மைக்கில் இரைச்சல் விழாது. கூரையில் மழை கொட்டினால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

அறிவிப்பாளர் என்ற முறையில் இப்படிப்பட்ட ஜோடிகளை நான் பேட்டி காண்பதுண்டு. மெட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டால் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். "சரி, இந்தப் பாட்டின் உரிமை யாருக்கு?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "நாங்கள் நண்பர்கள், எங்களுக்குள் என்ன கணக்கு?" என்பார்கள். அந்தக் கணக்கைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

இரட்டையரின் பலம்

இருவர் சேர்ந்து இசை செய்வது நமக்குப் புதிதல்ல. எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் இருந்தவர்கள். 1952-இல் சுப்பராமன் மறைந்த பிறகு, அவர் விட்டுச் சென்ற வேலைகளை இருவருமாக முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு வந்த 'பணம்' படத்திலிருந்து 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவர் பெயரும் சேர்ந்தே திரையில் வந்தன. எந்த மெட்டு யாருடையது என்று ரசிகர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அதன்பின் பிரிந்தார்கள். மீண்டும் இருவர் பெயரும் ஒரே படத்தில் வர 1995 வரை, 'எங்கிருந்தோ வந்தான்' வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் முப்பது ஆண்டுகள்!

நம் நாட்டுக்கு வருவோம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வந்தது. தமிழில் சொல்லிசை பாடிப் பெயர் வாங்க முடியும் என்று மலேசியத் தமிழர்கள் காட்டிய தொகுப்பு அது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதைக் கேட்டார்கள். பின்னர் அங்கே ஆதி, ஜீவா என்ற இருவர் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டார்கள். 2015-இல் 'ஆம்பள' படத்தின் மூலம் திரைப்பட இசையமைப்பாளர்களாகவும் ஆனார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆதியைத்தான். ஆனால் பெயர் இருவருக்கும் பொது. ஜோடிகளில் ஒருவர் வெளிச்சத்தில் நிற்பார், மற்றவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பொதுப் பெயர் என்பது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு காவல்.

புகழ் வந்தபின் எழும் கேள்வி

அறிவு எழுதிப் பாட, ஓஃப்ரோ இசை அமைத்த 'தெருக்குரல்' தொகுப்பு 2019-இல் வந்தது. அதுவும் இருவர் முயற்சிதான். 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. தோட்டத்தில் வேரூன்றிய குடும்பங்கள் நிறைந்த இந்தக் கோலலங்காட் வட்டாரத்தில் அது எவ்வளவு நெருக்கமாகக் கேட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யூடியூப்பில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைத் தாண்டிய பாட்டு அது. அப்படியும் என்ன நடந்தது? பாட்டு உருவானதில் யார் பங்கு என்ன என்பதைப் பற்றி 2022-இல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களைப் பகிரங்கமாகக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து கலைஞர்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகமே பாடிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், பந்திங்கில் இரண்டு பேர் அறையில் உட்கார்ந்து செய்யும் பாட்டுக்கு யார் சாட்சி?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வாயில் முணுமுணுத்த மெட்டுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. எழுதியோ பதிவு செய்தோ வைத்தால்தான் உரிமை பிறக்கும். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். எழுதியவர் வாழ்நாளும், அதற்குப்பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் வரை வரக்கூடிய சொத்து இது!

ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, முடித்துக் கொடுத்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. வரியும் மெட்டும் ஒருவருடையதாகவும், ஒலிப்பதிவு மற்றவருடையதாகவும் இருக்கலாம். வானொலியில் ஒலிக்கும்போது வரிக்கும் மெட்டுக்கும் உரிய தொகையை 1989-இல் தொடங்கப்பட்ட எம்ஏசிபி அமைப்பு வசூலித்து உறுப்பினர்களுக்குத் தருகிறது. உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்தால்தான் பணம் உங்களைத் தேடி வரும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கிள்ளானில் ஒரு கடைக்காரர் விளம்பரப் பாட்டு கேட்கிறார். பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் குறும்படத்துக்கு இசை கேட்கிறார். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கிறீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நம் சட்டப்படி அந்த உரிமை கேட்டு வாங்கியவருக்கே போய்விடும்! "உரிமை எங்களிடமே இருக்கும், நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் நிலைமையே வேறு. அதேபோல், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இல்லையென்றால் செல்லாது.

ஒரே ஒரு தாள்

ஆகவே ஒவ்வொரு பாட்டையும் வெளியிடும் முன் ஒரு தாள் எடுங்கள். வரி யார், மெட்டு யார், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். வரும் பணத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். மைக்குக்கும் மென்பொருளுக்கும் செலவழித்த வெள்ளியை முதலில் கழித்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள். நாளை பிரிந்தால் குழுவின் பெயரும் யூடியூப் கணக்கும் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். 2012-லிருந்து மைஐபிஓ அலுவலகத்தில் உங்கள் படைப்பை விருப்பத்தின் பேரில் பதிந்து வைக்கவும் வழி இருக்கிறது.

"நண்பனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?" என்று சிலர் தயங்குவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது சந்தேகத்தினால் அல்ல, அனுபவத்தினால். பணம் வராத காலத்தில் இந்தத் தாளை எழுத பத்து நிமிடம் போதும். பணம் வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் வழக்கறிஞர் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "பாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளைகளைக் கேட்கிறீர்கள். கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்வியோடு, "உன் பெயர் தாளில் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். வீட்டு கிராண்டைப் பூட்டி வைக்கும் அலமாரியிலேயே அந்தத் தாளுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.