கமர்கட்டும் காக்காய்க் கடியும்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எங்கள் அணியைக் கமர்கட் மாதிரி கடக்கு முடக்கென்று கடித்துவிட்டுப் போயிருக்கிற எதிரணித் தோழி அவர்களே! மலர்க் கண்காட்சிக்கு என்று உதகைக்கு வந்து, பூவைப் பார்த்தது போதும், இவங்க என்னதான் பேசறாங்கன்னு பார்ப்போம் என்று ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

"தின்பண்டத்தில் இனித்தது அந்தக் காலமா, இந்தக் காலமா?" இதுதான் தலைப்பு. அந்தக் காலமே என்று பேச எனக்கு உத்தரவு. தோழி என்ன கேட்டார்கள்? "ஐயா, உங்க காலத்து மிட்டாயில ஈ மொய்ச்சுது. கடைக்காரர் ஜாடிக்குள்ள கையை விட்டு எடுத்துக் கொடுப்பார். அதே கையாலதான் மண்ணெண்ணெய் ஊத்துவார். இதையா இனிப்புன்னு சொல்றீங்க?" கைதட்டலும் வாங்கிக்கொண்டார்கள். அம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் எஸ்டேட் கடைக் கமர்கட்டில் மூன்று வாசனை வரும். முதலில் வெல்லம், அப்புறம் தேங்காய், கடைசியாகக் கொஞ்சம் கிருஷ்ணாயில். (சிரிப்பு)

ஆனால் சுகாதாரத்தில் நீங்கள் மட்டும் என்ன ஜெயித்துவிட்டீர்கள்? 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டார்களே, ஏன்? ரோடமின் பி என்று ஒரு சாயம். துணிக்குப் போடுகிற சாயம். அதைப் பிள்ளைகள் தின்கிற மிட்டாயில் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் சோதித்தது இந்தக் காலத்து மிட்டாயை. "அந்தக் காலத்து மிட்டாயைச் சோதிச்சிருந்தா?" என்று தோழி முணுமுணுக்கிறார்கள். காதில் விழுகிறது. யாரும் சோதிக்கவில்லை அம்மா, அதனால் எங்கள் கட்சி நிரபராதி. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது ஒரு இலக்கணம் சொல்கிறேன். தமிழாசிரியனைக் கூப்பிட்டுவிட்டு இலக்கணம் இல்லாமல் அனுப்ப முடியுமா? தலைப்பு, 'சிறந்தது எது' என்று கேட்கவில்லை. 'சுத்தமானது எது' என்று கேட்கவில்லை. 'இனித்தது எது' என்று கேட்கிறது. இனித்தது என்பது இங்கே இறந்தகால வினையாலணையும் பெயர். இந்தக் காலத்துக்கு வாதாட வந்தவர்கள் 'இனிக்கிறது' என்று ஒரு தலைப்பை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இது நடுவர் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

அடுத்து, "உங்க காலத்து மிட்டாயெல்லாம் செத்துப் போச்சு, எங்களது வாழுது" என்றார்கள். சாகவில்லை அம்மா, கை மாறியிருக்கிறது. பாரி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. அடுத்து ஞாபகம் வருவது நெல்லிக்குப்பத்துப் பாரி. 1914ல் அங்கே தொடங்கிய மிட்டாய்க் கம்பெனி. லாக்டோ கிங், காபி பைட் என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் வாயில் எச்சில் ஊறும். 2004ல் கொரியாவிலிருந்து லோட்டே வந்து வாங்கிக்கொண்டது. அந்தப் பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் சேர்ந்து முற்றுகை போட்டும் எளிதில் வாங்க முடியவில்லை. இந்தப் பாரியைக் கொரியாக்காரர் காசோலை கொடுத்தே வாங்கிவிட்டார். (கைதட்டல்) மகாராஷ்டிரத்து ராவல்காவ் தெரியுமா? பான் பசந்த், மேங்கோ மூட். 2024ல் அந்த மிட்டாய்களின் பெயரையும் செய்முறையையும் ரிலையன்ஸ் நிறுவனம் வாங்கியது. எவ்வளவுக்கு? 27 கோடி ரூபாய்க்கு. மிட்டாய்க்கு இல்லை, அதன் பெயருக்கும் பக்குவத்துக்கும். நாங்கள் தின்று ருசி சொன்ன பெயருக்கு இன்றைக்கு 27 கோடி விலை இருக்கிறது என்றால், தீர்ப்பைச் சந்தையே சொல்லிவிட்டது.

சரி, மிட்டாயை விடுங்கள். மிட்டாய்க்காரரைப் பார்ப்போம். ஜவ்வு மிட்டாய்க்காரர் வருவார். தோளில் ஒரு மூங்கில் கழி. உச்சியில் ஒரு பொம்மை. கீழே கயிற்றை இழுத்தால் மேலே பொம்மை ஜல் ஜல்லென்று கை தட்டும். கழியில் சுற்றியிருக்கிற ரோஸ் கலர் பாகை இழுத்து, முறுக்கி, பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டிவிடுவார். லைன் வீட்டில் நிஜ வாட்ச் கட்டியவர் யாருமே இல்லை. வாட்ச் கட்டிய ஒரே ஆள் நான்தான். "மணி என்னடா?" என்று கேட்பார்கள். "இருங்க, நக்கிப் பாத்துச் சொல்றேன்" என்பேன். (சிரிப்பு) கடைசியாக மீதியாகத் துளி மிட்டாயைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். அது கொசுறு. இன்றைக்குப் பாக்கெட்டில் வருகிற எந்த மிட்டாய் உங்கள் கன்னத்தைத் தொட்டிருக்கிறது?

காக்காய்க் கடி என்று ஒன்று இருந்தது. இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கமர்கட் ஒன்று அஞ்சு பைசா. சதுரமாக, மூலை மழுங்கி, ஊதினால் பறக்கிற அலுமினியக் காசு. 2011ல் நாலணா வரைக்கும் உள்ள சில்லறையெல்லாம் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒருவனிடம் அஞ்சு பைசா இருக்கும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். கமர்கட்டைச் சட்டை நுனியில் வைத்து மூடி, துணியோடு சேர்த்துக் கடிக்க வேண்டும். எச்சில் படாது. துண்டு துண்டாகத் தெறிக்கும். ஆளுக்கு ஒன்று. எனக்கும் கொஞ்சம் கிருஷ்ணாயில் வாசம், உனக்கும் கொஞ்சம் கிருஷ்ணாயில் வாசம். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த காலம் ஐயா அது. பெரியவர்கள் தனித்தனி டம்ளர் வைத்திருந்தார்கள். பையன்களுக்கு நடுவில் ஒரு சட்டை நுனி போதுமாக இருந்தது. (நீண்ட கைதட்டல்) கோத்தகிரிப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் படுகர் வீட்டுப் பையன். ஹெத்தை அம்மன் பண்டிகை முடிந்து வரும்போது டிராயர் பையில் எண்ணெகிட்டு கொண்டுவருவான். மைதாவும் சர்க்கரையும் சேர்த்து எண்ணெயில் பொரித்தது. அதுவும் காக்காய்க் கடிதான்.

அடுத்து இந்த மலையின் பண்டத்துக்கு வருகிறேன். வர்க்கி. இதைச் சொல்லாமல் ஊட்டியில் மேடை இறங்கினால் அடி விழும். சாக்லேட்டைச் சொன்னார்கள் தோழி. ஊட்டி சாக்லேட் நல்ல சாக்லேட்தான். ஆனால் ஊட்டியில் ஒரு கொக்கோ மரம் காட்டுங்கள் பார்ப்போம்! கொக்கோ சூடான ஊர்ச் செடி. இந்தக் குளிரில் வராது. இங்கே குளிருக்குச் சாக்லேட் உருகாமல் நிற்கும், அதனால் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் கிண்டினார்கள். அப்படியே கடைக்கு வந்தது. ஆக அதுவும் அந்தக் காலத்துப் பண்டம்தான். எங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்கிறோம். (சிரிப்பு)

வர்க்கி அப்படியா? வரக் என்றால் அரபியில் ஏடு. அடுக்கடுக்காக ஏடு ஏடாகப் பிரிகிற பண்டத்துக்கு வடக்கே வர்க்கி என்று பெயர். ஏடு பிரிக்கிறது தமிழாசிரியன் தொழில், அதனால் எனக்கும் அதுக்கும் தொழில் உறவு உண்டு. மைதா, சர்க்கரை, நெய்யோ வனஸ்பதியோ. அதோடு 'மாவா' என்று புளிக்கவைத்த மாவு சேர்க்க வேண்டும். அதுதான் உயிர். பிசைந்து, தட்டி, மடித்து, மறுபடி தட்டி, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். விடியற்காலையில் பேக்கரிப் பக்கம் போனால் பனியோடு சேர்ந்து அந்த வாசனை தெருவில் நிற்கும். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், கூவியர் என்று அப்பம் சுடுகிறவர்களைச் சொல்கிறார். அவருக்கு மட்டும் ஒரு வர்க்கி கிடைத்திருந்தால் மதுரையை விட்டுக் குன்னூருக்குக் குடிவந்திருப்பார். 2019ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும், 2020ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் கிடைத்த புவிசார் குறியீடு, 2023ல் ஊட்டி வர்க்கிக்கும் கிடைத்தது. "வனஸ்பதி கெடுதல்னு டாக்டர் சொல்றாரே?" சொல்கிறார். கேட்கத்தான் வேண்டும். கெட்ட கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று 2022லிருந்து அரசு சட்டமே வைத்திருக்கிறது. நானும் இப்போது இரண்டு வர்க்கியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வேளைக்கு. (சிரிப்பு)

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா.

நான் பிறந்தது இந்த மலையில் இல்லை. இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கமர்கட்டைப் பிரித்தால் துண்டு. குடும்பத்தைப் பிரித்தால்? எங்கள் அப்பத்தாவுக்குப் பெரியப்பா குடும்பத்தோடு இலங்கைக் குடியுரிமை வந்தது. எங்களுக்கு இந்தியா. 1975. எனக்கு ஏழு வயது.

புறப்படுகிற அன்று அப்பத்தா தொதல் கிண்டியது. அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி. ராத்திரி முழுக்கக் கிண்டிக் கட்டியாக்கி, வாழை இலையில் கட்டி, அம்மா கையில் கொடுத்தது. "புள்ளைக்குத் தினம் கொஞ்சமா குடு. ஒரேயடியாத் தின்னுட்டா ஊர் மறந்துபோவும்." தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல், அப்புறம் மண்டபம் முகாம். அம்மா தினம் நகத்தளவு வெட்டிக் கொடுப்பாள். தனக்கு வெட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968லேயே வனத்துறை தேயிலை போட்டிருந்தது. பிறகு அதுதான் டேன்டீ. அப்படித்தான் கோத்தகிரி. முதல் வாரம் அம்மா கடைக்குப் போய், "பாண் இருக்கா?" என்று கேட்டாள். அங்கே பாண் என்றால் ரொட்டி. கடைக்காரர் வெற்றிலைக் கட்டை எடுத்து நீட்டினார். "சிலோன்காரங்களா?" என்று பக்கத்தில் ஒருத்தர் கேட்டார். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, வெற்றிலையை வைத்துவிட்டு, ஜாடியிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்து என் கையில் வைத்தார். காசு கேட்கவில்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, காஞ்சுபோன பணிஸா?" என்றாள். கடையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். கப்பல் ஏறினதுக்கு அப்புறம் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தொதலில் கடைசித் துண்டு குளிருக்குக் கல்லாகிவிட்டது. வாயில் வைத்தால் கரைய அரைமணி நேரம் ஆகும். அப்பத்தாவை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்பு போயிருந்தபோது தொதல் வாங்கித் தின்றேன். முந்திரிப் பருப்பு தாராளமாகப் போட்டு, பளபளவென்று, சுத்தமாகப் பொட்டலம் கட்டிய தொதல். உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்பத்தா கிண்டியதைவிட நன்றாக இருந்தது. அப்பத்தா தொதலில் முந்திரி கிடையாது. முந்திரி வாங்கக் காசு ஏது? தோழி அவர்களே, அது நன்றாக இருந்தது. இது இனித்தது. (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியை அடித்துவிட்டார். ஐயா, காலையில் குன்னூரில் ஒரு பை வர்க்கி வாங்கினேன். மேடையில் ஆறு பேர் இருக்கிறோம். எதிரணிக்கும் உண்டு. பிரித்துப் பார்த்தால் வந்த வழியில் பாதி நொறுங்கியிருக்கிறது, முழுசாக இருப்பது நாலுதான். நடுவர் சால்வை புதுசு, அதன் நுனியைக் கொஞ்சம் கொடுத்தால் காக்காய்க் கடி கடித்துவிடலாம்.