தன் கையால் சவரம்

முகச்சவரத்தைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். மீசை அரும்பும் பருவத்தில் யாரும் கற்றுக்கொடுக்காமலே கற்றுக்கொள்ளும் வேலை இது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. தந்தையார் மகனை அருகில் அழைத்துக் காட்டிக்கொடுப்பதும் நம் வீடுகளில் அரிது. ஆயினும் இந்தச் சிறு வேலைக்குள் வேதியியல் இருக்கிறது, உலோகவியல் இருக்கிறது, நம் சமூக வரலாற்றின் கசப்பான ஏடு ஒன்றும் இருக்கிறது. மாணவியரும் இதைத் தமக்கு வேண்டாத பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டா. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் கடமை எல்லோருக்கும் உண்டு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில், எங்கள் குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்களில், முந்திய தலைமுறைகளில் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வார் மிகச் சிலரே. நாவிதர் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். வேப்ப மர நிழலிலோ கண்மாய்க் கரையிலோ ஆளை உட்காரவைத்து, கிண்ணத்து நீரால் தாடையை நனைத்து, விரலால் நெடுநேரம் தேய்த்துப் பதப்படுத்தி, சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிய கத்தியால் மழிப்பார். சோப்பும் இல்லை, பிரஷும் இல்லை. அந்த விரல் தேய்ப்பில்தான் பாதி வித்தை இருந்தது. கூலியும் காசாக அன்று, அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. அவரே கட்டிக்குக் கீறல் போடுபவர். அவர் வீட்டு அம்மையார் பிரசவம் பார்ப்பவர். மருத்துவர் என்ற பெயர் அக்குலத்தார்க்கு வந்தது அதனால்தான். துக்கமோ, நேர்த்திக்கடனோ, துறவோ, எதுவும் அந்தக் கத்தியின்றி நடவாது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்ததும், அய்யங்குளத்தங்கரையில் தலையை மழித்துக்கொண்டார். அவரே பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த பெரியார்.

இவ்வளவு இன்றியமையாத அந்தக் கத்தி எல்லோர் முகத்துக்கும் வந்ததா என்றால், வரவில்லை. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அத்தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன்நகை, வெள்ளிநகை அணியலாகாது, ஆடை முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது, சட்டையோ பனியனோ போடலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. அந்த வரிசையில் ஒன்று, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது என்பது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. விருதுநகர் மாவட்டம் தனியே பிரிந்தது 1985-இல்தான். ஆகவே இது எங்கோ தொலைவில் நடந்த கதையன்று.

மயிருக்குக்கூடத் தடையா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தடை விதித்தவர்கள் விவரம் தெரிந்தே விதித்தார்கள். ஒருவன் திருத்திய தலையும் மழித்த முகமுமாகத் தெருவில் நடந்தால், அவன் யார் என்று பார்த்தவுடன் தெரியாது. அது தெரிந்தாகவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

இதே அவமானம் காந்தியடிகளுக்கும் நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து ஆங்கிலேய முடிதிருத்துவோர் ஒருவர், அவருக்கு முடிவெட்ட இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். காந்தியடிகள் மனம் புண்பட்டார். ஆனாலும் உடனே முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கிவந்து, கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் பாழாயிற்று. நீதிமன்றத்தில் நண்பர்கள், தலையை எலி கடித்ததா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இந்நிகழ்ச்சியைத் தம் சுயசரிதையில் எழுதும் அடிகள், அந்த முடிதிருத்துவோர்மீது குற்றம் சுமத்தவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் வெள்ளையர் வாடிக்கை போய்விடும் என்று அவர் அஞ்சினார். நம் நாவிதர்களை நம் தீண்டப்படாத சகோதரர்களுக்குச் சவரம் செய்ய நாம் விடுகிறோமா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார் அடிகள். குற்றம் கத்தி பிடித்தவரிடம் மட்டும் இல்லை, அவர் பிழைப்பைத் தன் கையில் வைத்திருந்த ஊரிடம் இருந்தது என்பதை அவர் கண்டார். நம் சிற்றூர் நாவிதர் நிலையும் அதுவே. களத்தில் தானியம் அளந்தவர்கள் வேண்டாம் என்றால், மீறிச் செய்ய அவருக்கு வேறு வழி இல்லை.

பின்னர்ச் சட்டம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று, கடைகளில் எவரையும் தடுக்கலாகாது என்னும் விதி விவாதத்துக்கு வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் ஒரு விளக்கம் அளித்தார். கடை என்னும் சொல்லை, தம் சேவையைப் பிறர்க்கு அளிக்க முன்வரும் எவரையும் உள்ளடக்கிய விரிந்த பொருளிலேயே தாம் எடுத்தாள்வதாக அவர் கூறினார். சலூனும் சலவைக்கடையும் அவ்வாறே அதில் அடங்கின. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955-இல் நடைமுறைக்கு வந்தது; தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பது தண்டனைக்குரியதாயிற்று. 1976-இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. இவ்வளவுக்குப் பின்னும், அண்மை ஆண்டுகளிலும், சலூனில் ஒருவருக்கு முடிவெட்ட மறுத்தார்கள் என்ற செய்தி நாளேட்டில் வரத்தான் செய்கிறது.

சட்டம் கதவைத் திறக்கச் சொல்லும். கதவு திறக்கும்வரை ஒருவன் முகத்தை என்ன செய்வது? சேப்டி ரேசர் என்னும் சிறு கருவியை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். நாவிதரின் நீண்ட கத்தியைத் தன் முகத்தில் தானே பிடிக்க ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். சேப்டி ரேசர் பயிலாத கைக்கும் அடங்குவது. ஒரு கண்ணாடி, ஒரு கிண்ணம் நீர், ஒரு துண்டுச் சோப்பு இவை போதும். எவருடைய அனுமதியும் தேவையில்லை. தலையின் பின்புறம் மட்டும் இன்றும் பிறர் கைக்குரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சட்டமே துணை.

இந்தக் கருவி பிறந்த கதையும் சுவையானது. பாட்டில் மூடி விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியத்தக்க பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று அலைந்தவர். 1895-இல் ஒரு நாள் காலை, மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது, கத்தியின் விளிம்பு மட்டும்தானே மழிக்கிறது, மற்ற எஃகெல்லாம் எதற்கு என்று தோன்றியது. இரு பக்கமும் கூருள்ள மெல்லிய தகடு ஒன்றைப் பிடியில் இறுக்கினால் போதும் என்று கண்டார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினப்படுத்த இயலாது என்று வல்லுநர் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர்தாம் அதைச் செய்துகாட்டினார். 1903-இல் விற்ற ரேசர்கள் மொத்தம் 51, பிளேடுகள் 168. அடுத்த ஆண்டிலோ ரேசர்கள் மட்டும் 90,000-க்கு மேல். 1918-இல் அமெரிக்க அரசாங்கம் தன் படைவீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்களுக்கு ஆணையிட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களிடம் தன் கையால் சவரம் செய்யும் வழக்கமும் உடன் சென்றது. நம் நாட்டில் கல்கத்தா மல்ஹோத்ரா குடும்பத்தாரின் டோபாஸ், பனாமா முதலிய பிளேடுகள் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தன.

இனிச் செய்முறைக்கு வருவோம். முகமயிர், கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்திருக்கையில் அது விறைப்பானது. நீரை உறிஞ்சினால் தளர்ந்து, வெட்டுக்கு எளிதில் இணங்கும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாமையால்தான் இளைஞர் பலர் முகத்தில் எரிச்சலையும் கொப்புளத்தையும் வாங்கிக்கொண்டு, பிளேடைக் குறை சொல்கின்றனர். மயிர் மெல்லியதாயிற்றே, எஃகு ஏன் மழுங்குகிறது என்ற கேள்வியை மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டு, 2020-இல் விடை கண்டார்கள். பிளேடைவிட மயிர் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாத இடத்தில், மயிர் சாய்ந்து வளைந்து விளிம்பை அழுத்தினால், அங்கே நுண்ணிய சில்லு பெயர்ந்துவிடுகிறது. மழுங்குதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தேய்மானம் அன்று, உடைசலே.

அடுத்தது நுரை. எங்கள் வறண்ட பூமியில் இதுவே பெரும்பாடு. கரிசற்காட்டுக் கிணறுகள் பலவற்றில் உப்புநீர்தான் ஊறும். அந்நீரில் எவ்வளவு விலையுயர்ந்த சோப்பைக் குழைத்தாலும் நுரைக்குப் பதிலாகத் தயிர்த் திப்பி போன்ற ஒன்றுதான் கிண்ணத்தில் மிதக்கும். காரணம் இரண்டு. சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு அல்லது பொட்டாசிய உப்பு. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதனோடு சேர்ந்து, கரையாத வேறொரு சோப்பாக்கிவிடுகின்றன. திப்பி என்பது அதுவே. மேலும், சாதாரண உப்பு மிகுந்த நீரில் சோப்பே சரியாகக் கரைவதில்லை. சோப்புத் தயாரிக்கும் சாலைகளில் உப்பைச் சேர்த்துத்தான் சோப்பைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள் என்று உங்கள் வேதியியல் நூலில் படித்திருப்பீர்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் சவரத்துக்கு மட்டும் ஊருணி நீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்வது நலம். கொதிக்கவைத்தால் போகாதா என்று கேட்பீர்கள். தற்காலிகக் கடினத்தன்மை போகும்; உப்பு போகாது.

சவரச் சோப்பில் பொட்டாசியத்தின் பங்கு மிகுதி; அதனால் அது குளியற் சோப்பைவிட மென்மையாகவும் நுரை நிலைத்திருக்கும்படியும் அமைகிறது. ஈரமான பிரஷைச் சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்றி, பின் முகத்தில் வட்டமாகத் தேய்க்கவேண்டும். நம் பழைய நாவிதரின் விரல் செய்த வேலையைத்தான் பிரஷ் செய்கிறது: மயிரை நிமிர்த்தி, அதன் அடிவரை நீரைச் சேர்க்கிறது. நல்ல பிரஷ் பன்றி மயிராலோ பேட்ஜர் என்னும் விலங்கின் மயிராலோ செய்யப்படும். முதல் உலகப் போர்க்காலத்தில் பேட்ஜர் மயிர் கிடைக்காமல், சரியாகத் தூய்மை செய்யாத குதிரை மயிரில் பிரஷ்கள் செய்து விற்றார்கள். அதனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைவீரர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய் பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இன்று நைலான் போன்ற செயற்கை இழைப் பிரஷே மலிவு, அச்சமும் இல்லை.

ரேசரை முகத்தோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடியுங்கள். அழுத்தாதீர்கள், ரேசரின் எடையே போதும். முதலில் மயிர் வளரும் போக்கிலேயே இழுங்கள். தாடைக்குக் கீழே மயிரின் போக்கு ஆளுக்கு ஆள் மாறும். அதை உங்கள் விரலால் தடவியே அறியவேண்டும். முடிந்தபின் குளிர்ந்த நீரால் கழுவி, சிறு கீறல் இருந்தால் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவலாம். படிகாரம் இரத்தத்திலுள்ள புரதத்தை உறையச் செய்து கசிவை நிறுத்தும். ஆனால் ஒருவர் படிகாரத்தை மற்றவர் தொடலாகாது, பிளேடையும் அவ்வாறே. ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை வகைகள் சில இரத்தத்தின் வழியே பரவுவன. சலூனுக்குச் சென்றாலும் புதுப் பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டா; நல்ல தொழிலாளி அதை நாம் கேட்குமுன்னரே மாற்றிவிடுவார்.

மூன்று நான்கு பிளேடுகளை ஒரே தலையில் அடுக்கிய ரேசர்களும், குப்பியிலிருந்து தானே பொங்கும் நுரையும் இப்போது கடைகளை நிறைத்திருக்கின்றன. அவை மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தலை ஒன்றின் விலைக்குப் பழைய பிளேடுகள் பல வாங்கலாம். ஒரு பிளேடு நான்கைந்து சவரத்துக்கு வரும்.

பழைய பிளேடை நம் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ எடுத்துச் செல்வதுண்டு. அதை இனியேனும் நிறுத்தவேண்டும். குப்பைக் கூடையில் போடுவதோ அதனினும் தீது. அக்கூடையில் கைவிடும் துப்புரவுத் தொழிலாளரின் விரல் நம் விரலைப் போன்றதே. அமெரிக்க வீடுகளில் ஒருகாலத்தில் குளியலறைச் சுவரிலேயே பிளேடு போட ஒரு பிளவு வைத்துக் கட்டினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டா. மூடியுள்ள சிறிய தகர டப்பா ஒன்றின் மூடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு, மூடியை இறுக ஒட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பிளேடு என்றாலும் அது நிறையச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதித் தனியே கொடுத்துவிடலாம்.